சிட்டிக்கு ஷிஃப்ட் கிடையாது

2018 நவம்பர் கடைசி, ‘2.0’ வெளியான வாரம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு தியேட்டரில் திரைக்கு ரொம்பக் கிட்டத்தில், கழுத்தை அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தோம். ஊரிலுள்ள செல்போன்களெல்லாம் ஆட்களின் கையை உதறிவிட்டுப் பறந்து போகும் காட்சி வந்தது. பக்கத்திலிருந்த நண்பன் 3டி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுச் சொன்னான்: “மச்சி, இதுல எத்தன போன் நான் டெஸ்ட் பண்ணி அனுப்புனதுனு தெரியலயே.”

அவனுக்கு அது ஜோக். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆலையில் நாலு வருஷம் டெஸ்டிங் லைனில் நின்றவன் அவன். பட்டனை அழுத்து, திரையைப் பார், தட்டில் வை, அடுத்ததை எடு. பிறகு அந்த வேலையை விட்டு கூரியர் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஜோக் என்னை விடவில்லை. படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது, பக்ஷிராஜன் யார் யாரைப் பழிவாங்குகிறார் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே பார்த்தேன். செல்போன் விற்பவர், நெட்வொர்க் முதலாளி, துறை அமைச்சர், அதற்குப் பிறகு போனை வைத்திருக்கும் நாம் எல்லோரும். போனைச் செய்தவர் மட்டும் பட்டியலில் இல்லை. பழிவாங்கக்கூட அவரை யாரும் நினைக்கவில்லை. அந்தப் படத்தின் உலகத்தில் செல்போன் என்கிற பொருள் கடை அலமாரியில்தான் பிறக்கிறது.

இத்தனைக்கும் அந்தக் கதை நடக்கும் சென்னையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் போன்கள் பிறக்கும் இடம் வந்துவிடும். நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. ஒரு காலத்தில் அந்தக் கம்பெனிக்கு உலகத்திலிருந்த மிகப் பெரிய ஆலைகளில் அதுவும் ஒன்று. வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டதால், மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கியபோது இந்த ஆலை மட்டும் விற்பனைக்கு வெளியே நின்றது. 2014 நவம்பரில் மூடினார்கள். ‘2.0’ படப்பிடிப்பு தொடங்கியது அடுத்த வருஷம். செல்போனைப் பற்றித் தமிழில் எடுக்கப்பட்ட ஆகப் பெரிய படத்துக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை.

பூந்தமல்லி தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும், செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி இருக்கிறது. அதைத் தாண்டித்தான் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். ஷிஃப்ட் பஸ்களும் படப்பிடிப்பு வண்டிகளும் ஒரே சிக்னலில் நிற்கின்றன. அந்த ஸ்டூடியோவும் ஒரு வேலைத்தளம்தான். 2020 பிப்ரவரி 19 இரவு ‘இந்தியன் 2’ செட்டில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தது அங்கேதான். ஆகவே தூரம் ஒரு சாக்கு கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறிவியல் புனைவு யதார்த்தவாதமாக இருக்க வேண்டும், ஷங்கர் தொழிற்சங்கப் படம் எடுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ‘எந்திரன்’ எனக்கு ரொம்பப் பிடித்த படம். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது முதல் வாரத்திலேயே இரண்டு முறை பார்த்தவன். நான் கேட்பது வேறு. ரோபோ என்ற வார்த்தையே வேலையிலிருந்து வந்தது. காரெல் சாபெக்கின் நாடகம் 1921இல் பிராகில் மேடையேறியபோது அந்த வார்த்தையும் உலகத்துக்கு வந்தது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கட்டாய வேலை, நம்மூர் பாஷையில் வெட்டி வேலை. நாடகம் நடக்கும் இடமே ஒரு ஆலை. அப்படிப்பட்ட ரோபோ தமிழுக்கு வந்தபோது வேலையை எங்கே தொலைத்தது?

என் பதில்: இரட்டை வேடத்தில்.

பி.யு. சின்னப்பா 1940இல் ‘உத்தம புத்திர’னில் இரண்டு பேராக வந்த நாளிலிருந்து தமிழ் சினிமாவுக்குத் தெரிந்த ஆகப் பெரிய விஞ்ஞான அதிசயம் அதுதான். லென்ஸில் பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். ஒரே ஆள் தன்னோடு தானே பேசுவார். பிறகு ‘நாடோடி மன்னன்’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ என்று அது ஒரு தனி இலக்கணமாகவே ஆனது. ஒருவன் நல்லவன், மற்றவன் கெட்டவன் அல்லது கோழை. ஒருவன் இடத்தில் மற்றவன் போய் உட்காருவான். ஒரு பெண் இருவரில் யாரைக் காதலிக்கிறாள் என்று குழப்பம் வரும். 1963இல் ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகவாசிகள் பறக்கும் தட்டில் வந்து ஒரு பெண்ணைக் கடத்திப் போகிறார்கள். எதற்கு? தங்கள் கிரகத்துக்குக் கலைகளைக் கற்றுக்கொடுக்க. அதிலும் பானுமதிக்கு இரட்டை வேடம். பூமிக்கு வெளியே போனாலும் நாம் அந்த முகத்தை இரண்டாக்காமல் விடவில்லை.

(ஒரு கிளைக்கதை. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் ராமானுஜர் திருமேனிக்கு ‘தானுகந்த திருமேனி’ என்று பெயர். அவர் உயிரோடு இருக்கும்போதே செய்த விக்கிரகம், அதை அவரே தழுவித் தன் சக்தியை அதற்குள் இறக்கினார் என்பது ஐதீகம். தன் முகத்தோடு ஒன்றைச் செய்து அதற்கு உயிர் கொடுக்கும் கதைக்கு இந்த ஊர் ஹாலிவுட்டைப் பார்த்துக் காத்திருக்கவில்லை.)

‘எந்திரன்’ இந்த மரபின் உச்சம். வசீகரன் பத்து வருஷம் உழைத்து ஒரு ரோபோ செய்கிறார். அதற்கு அவர் முகம். ஏன் அவர் முகம் என்று படத்துக்குள் யாருக்கும் பெரிதாகக் கேள்வி வரவில்லை, நமக்கும் வரவில்லை. ரஜினி படத்தில் ரோபோ வேறு யார் முகத்தோடு இருக்கும்? ஆனால் அந்த ஒரு முடிவு எடுத்த உடனே மற்ற எல்லாமும் தானாக முடிவாகிவிட்டது. முகம் ஒன்று என்பதால் அது மகன் ஆகிறது, தம்பி ஆகிறது, பிறகு காதலில் போட்டியாளன் ஆகிறது, கடைசியில் சிவப்பு சிப் ஏறிய வில்லன் ஆகிறது. உறவுமுறை எல்லாம் உண்டு. வேலை மட்டும் இல்லை. சிட்டி படத்தில் என்னவெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். சமைக்கிறது, சனாவுக்குப் பரீட்சையில் காப்பியடிக்க உதவுகிறது, ரவுடிகளை அடிக்கிறது, தீயிலிருந்து ஆட்களைத் தூக்கி வருகிறது, பிரசவம் பார்க்கிறது, கொசுவைப் பிடித்து வருகிறது. இத்தனை செய்தும் அது வந்ததால் அந்தச் சென்னையில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. அதற்கு ஷிஃப்ட் கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது.

வேலை என்ற விஷயம் ஒரே ஒரு இடத்தில் எட்டிப் பார்க்கிறது. வசீகரனின் இரண்டு உதவியாளர்கள். சந்தானம், கருணாஸ். லேபில் கூலிக்கு உழைப்பவர்கள் என்று படம் காட்டுவது இவர்களைத்தான். சிட்டி வந்ததும் இவர்களுக்கு எரிச்சல், பொறாமை, அதை எடுபிடியாக விரட்டிப் பார்க்கிறார்கள். வேறொரு படத்தில் இது முக்கியக் கதையாக இருந்திருக்கும்: எந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு அதன் மேல் வரும் கோபம். இங்கே அது காமெடி டிராக். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன், மறுக்கவில்லை.

கிளைமாக்ஸில் சிட்டி தன்னைப் போலவே நூற்றுக்கணக்கில் செய்துகொள்ளும் இடம் உண்டு. ரோபோ ரோபோவைச் செய்கிறது. ஆலை என்று சொல்லத்தக்க ஒன்றுக்குப் படம் போகும் ஒரே தருணம் அது. அங்கேயும் கேமரா பார்ப்பது ஒரே முகம் பெருகுவதை. அவை ஒன்று சேர்ந்து பந்தாகின்றன, சுவராகின்றன, பாம்பாகின்றன. இரட்டை வேடத்தைக் கணினி வரைகலை நூறு வேடமாக்கிக் கொடுத்தது. ஊடகத்துக்கு எது முடிந்ததோ அதுவே கதையின் கற்பனை எல்லையாகவும் ஆகிவிட்டது.

சுஜாதாவை நினைத்தால்தான் எனக்கு இது கொஞ்சம் வலிக்கிறது. 2008 பிப்ரவரியில் போய்விட்டார், படத்தைப் பார்க்கவில்லை. ஜீனோ என்ற நாயை நமக்குக் கொடுத்தவர். அதைவிட முக்கியம், குரோம்பேட்டை எம்ஐடியில் படித்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த ஆள். சர்க்யூட் போர்டு எப்படிப் பிறக்கிறது, அதில் யார் கை படுகிறது என்பதெல்லாம் தமிழ் எழுத்தாளர்களிலேயே அவருக்குத்தான் நேரில் தெரியும். அவர் பெயர் இருக்கும் படத்திலும் எந்திரம் ஒரு தனி மேதையின் லேபில்தான் பிறக்கிறது.

தனி மேதை என்ற இந்தப் பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். வசீகரனுக்கு எல்லாம் தெரியும். வன்பொருள், மென்பொருள், செயற்கை அறிவு, தோல், கண் எல்லாம். ‘24’ படத்தின் சேதுராமனும் அப்படித்தான், ‘மார்க் ஆண்டனி’யில் காலத்தைத் தாண்டிப் பேசும் டெலிபோனைக் கண்டுபிடிக்கும் செல்வராகவனும் அப்படித்தான். நம் நாயகன் தனியாக அடிப்பதைப் போலவே நம் விஞ்ஞானி தனியாகக் கண்டுபிடிக்கிறார். ஒரகடத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே காரை முழுசாகச் செய்யத் தெரிந்த ஆள் என்று ஒருவரும் இல்லை. ஒருவர் கதவின் ரப்பரை மட்டும் பொருத்துவார். ஒருவர் நாலு போல்ட். மேனேஜருக்கு எண்ணிக்கை தெரியும், போல்ட் தெரியாது. என்னைப் போன்ற மென்பொருள் ஆட்களுக்கு டேட்டாபேஸில் வந்து விழும் நேரமுத்திரை மட்டும் தெரியும். அறிவு ஆயிரம் பேரிடம் துண்டு துண்டாக இருக்கும் இடத்தில் கதாநாயகன் யார்? இதற்கு நம்மிடம் இன்னும் ஒரு திரைக்கதை வடிவம் இல்லை.

நான் நேரில் பார்த்த ரோபோவைப் பற்றிச் சொல்கிறேன்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஒரகடம் ஜங்ஷன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு ஆலை. லைனில் எந்த நிலையத்தில் எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கெடுக்கும் மென்பொருளை நிறுவ நான் போயிருந்தேன். இரவு ஷிஃப்ட். மஞ்சள் வேலிக்குள் ஒரு வெல்டிங் ரோபோ. கை மட்டும்தான், முகம் கிடையாது. அதற்கு ஒருவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். செய்யாறு பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், ஐடிஐ வெல்டர், கான்ட்ராக்ட்.

பாடம் என்று நான் உவமையாகச் சொல்லவில்லை, அங்கே அதற்குப் பெயரே டீச்சிங்தான். கையில் டீச் பெண்டன்ட் என்று ஒரு கனமான பலகை. அதன் பின்பக்கம் ஒரு சுவிட்ச். அதைப் பாதி அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் ரோபோ அசையும். விட்டால் நின்றுவிடும். பயந்துபோய் இறுக்கிப் பிடித்தாலும் நின்றுவிடும், ஏனென்றால் ஆபத்தில் மனிதன் இரண்டில் ஒன்றைச் செய்வான். சாகிற ஆளின் கையைக் கணக்கில் வைத்துச் செய்த சுவிட்ச், அதன் பெயரும் டெட்மேன் சுவிட்ச்தான். அந்தப் பாதி அழுத்தத்தில் கையை வைத்துக்கொண்டு அவர் ரோபோவை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு பாயின்ட்டைப் பதிவு செய்தார். இருபது வருஷம் டார்ச் பிடித்த கை. எந்தக் கோணத்தில் போனால் உருகிய உலோகம் ஓடும், எங்கே கொஞ்சம் தயங்க வேண்டும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்து வந்ததில்லை. நடுவில் ஒரு கிளாம்ப் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இடிக்காமலிருக்க ரோபோவைத் தூக்கிச் சுற்றிக் கொண்டுபோய் இறக்கினார்.

“எவ்ளோ நாள் ஆகும்ணே கத்துக்க?” என்று கேட்டேன்.

“அதுக்கா, எனக்கா?” என்றார்.

அன்று இரவு முழுக்க எனக்கு ‘எந்திரன்’ ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. தன்னைப் போல ஒன்றை உருவாக்கும் ஆள் இவரும்தான். ஆனால் இவருக்கு அதன் முகத்தில் பங்கில்லை. அந்த வேலை முடிந்ததும் இவர் அந்த இடத்தில் தேவையும் இல்லை.

எந்திரத்தின் பக்கத்தில் நிற்பது என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்கு ஒரு தேதியே இருக்கிறது. ‘எந்திரன்’ வெளியானது 2010 அக்டோபர் 1. அதே அக்டோபர் 31ஆம் தேதி, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் தொழிலாளி எந்திரத்துக்குள் கழுத்து சிக்கி, பிறகு உயிரிழந்தார். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். அந்தச் செய்தியை அன்று படித்தேனா என்றுகூட நினைவில்லை. சிட்டியின் நினைவகம் எத்தனை ஜெட்டாபைட் என்று மட்டும் இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்லுவேன். இரண்டையும் கோத்து படத்தைக் குற்றம் சொல்ல வரவில்லை, படம் அதற்கு ரொம்ப முன்னாலேயே எடுத்து முடித்தாகிவிட்டது. எந்திரத்தைப் பார்த்து ஒரு ஊர் எதற்குப் பயப்படுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். படம் பயந்தது, எந்திரம் நம் பெண்ணைக் காதலித்துவிடுமோ என்று.

களத்தைக் கொஞ்சம் இறக்கினாலே எல்லாம் மாறிவிடும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ (2015). 2065இலிருந்து வரும் டைம் மெஷின் வேலை வெட்டி இல்லாத இரண்டு இளைஞர்கள் கையில் கிடைக்கிறது. அவர்கள் உலகத்தைக் காப்பாற்றவில்லை. ஜோசியர்களாக உட்கார்ந்து, தொலைந்துபோன பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். பாத்திரம் மாறியது, ஆகவே எந்திரத்தின் பயனும் மாறியது. தமிழில் வந்த காலப்பயணப் படங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். அதே ரவிக்குமார் பெரிய நட்சத்திரத்தோடும் வேற்றுக்கிரகவாசியோடும் ‘அயலான்’ செய்தபோது அந்தக் கூர்மை போய்விட்டது. பணம் ஏறினால் களம் பொதுவாகிவிடுகிறது.

மலையாளத்தில் ‘ஆண்ட்ராய்ட் குஞ்ஞப்பன் வெர்ஷன் 5.25’ (2019). பையனூரில் ஒரு பிடிவாதக்காரக் கிழவர். மகனுக்கு வெளிநாட்டில் வேலை. வீட்டில் பார்த்துக்கொள்ள வரும் எந்த ஆளும் கிழவரிடம் நிலைப்பதில்லை, கடைசியில் மகன் ரோபோவைக் கொண்டுவந்து விடுகிறான். அந்த ரோபோவுக்கு நாயகனின் முகம் இல்லை. அதற்குள் சூரஜ் தேலக்காட் என்ற உயரம் குறைந்த கலைஞர் உடை மாட்டிக்கொண்டு நடித்தார். அதனால் அதன் நடையில் கணினி வரைகலையில் வராத ஒரு பாரம் வந்தது. ஹோம் நர்ஸ் என்ற வேலையிலிருந்து கதை தொடங்குவதால், பிறகு கிழவர் அதை மகனாக நினைக்கும்போது நமக்குக் கலக்கமாக இருக்கிறது. தமிழில் இதையே ‘கூகுள் குட்டப்பா’ என்று எடுத்தார்கள். எடுத்தார்கள், அவ்வளவுதான்.

இரட்டை வேடத்தின் மேல்தான் எனக்குக் கோபம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உலக சினிமாவின் முதல் பெரிய ரோபோவும் இரட்டை வேடம்தான். ‘மெட்ரோபோலிஸ்’ (1927) படத்தில் பிரிகிட்டே ஹெல்ம் மரியாவாகவும் வருகிறார், மரியாவின் முகத்தைப் போட்டுக்கொண்ட எந்திரமாகவும் வருகிறார். ஆனால் அந்த முகத்தைப் போடுவதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது. தொழிலாளர்கள் நம்பும் பெண் மரியா, அவள் முகத்தோடு போனால் அவர்களை ஏமாற்றலாம். 2009இல் டங்கன் ஜோன்ஸின் ‘மூன்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிலாவில் ஹீலியம்-3 எடுக்கும் கம்பெனி. ஒரே ஒரு தொழிலாளி, மூன்று வருஷ கான்ட்ராக்ட், முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். ஒரு விபத்துக்குப் பிறகு அவன் இன்னொருவனைப் பார்க்கிறான், தன் முகத்தோடு. தான் ஒரு நகல், தனக்கு அடுத்த நகல்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, வீட்டுக்குப் போன ஆள் என்று இதுவரை யாரும் கிடையாது என்று தெரிய வருகிறது. இரண்டு வேடமும் சாம் ராக்வெல். சின்னப்பா காலத்து வித்தைதான், கொஞ்சம் நவீனம். நிலா வண்டிகள்கூட பெரும்பாலும் சின்ன மாதிரிகள். பெரிய பட்ஜெட்டும் இல்லை. அங்கே ஒரே முகம் இரண்டாவது என்பதற்கு அர்த்தம், ‘நீ போனால் இன்னொருத்தன்’ என்பது. கான்ட்ராக்டில் இருக்கும் யாருக்கும் இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை.

நம் தடத்துக்கு இதைவிடக் கிட்டத்தில் வரும் படம் அலெக்ஸ் ரிவேராவின் ‘ஸ்லீப் டீலர்’ (2008). மெக்சிகோ எல்லையில் டிஹுவானா, அதுவும் ஏற்றுமதி ஆலைகளின் ஊர். கிராமத்திலிருந்து வரும் மேமோ உடம்பில் இணைப்புகளைப் பொருத்திக்கொண்டு ஒரு ஆலையில் நிற்கிறான். அவன் கையை அசைத்தால் அமெரிக்காவில் கட்டட வேலையிலிருக்கும் ரோபோ அசைகிறது. உழைப்பு எல்லை தாண்டும், உழைப்பாளி தாண்ட மாட்டான். வரைகலை கொஞ்சம் மலிவுதான், காதல் கதையும் நொண்டுகிறது. இருந்தாலும் அந்த ஊரைத் தவிர வேறெங்கும் பிறந்திருக்க முடியாத கற்பனை அது. டிஹுவானாவுக்கு அது கிடைத்தது, சுங்குவார்சத்திரத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் சரக்கு இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். போனவர்களில் சிலரைப் பற்றித் தகவல் வரவில்லை. செத்துவிட்டார்கள் என்று போனுக்குப் போன் செய்தி பரவியது. ராத்திரியில் பெண்கள் கிளம்பி வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், பக்கத்துக் கட்டில்காரி எங்கே என்று கேட்டு. உலகத்துக்கே ஐபோன் செய்து அனுப்புகிறவர்கள், தங்கள் தோழி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் ஒரு இரவு முழுக்க. நான் இதில் ஒரு வரிகூடக் கூட்டவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது, 706.50 கோடி ரூபாய் செலவில். ஒரே வயதையொட்டிய பெண்கள், ஒரே நிறச் சீருடை, ஷிஃப்டுக்கு ஒரு கூட்டம் வெளியே போக ஒரு கூட்டம் உள்ளே வரும் கட்டடங்கள். எந்த கலை இயக்குநரிடமும் எதிர்கால நகரம் வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் வரைந்து காட்டுவார். அடுத்த மாதமே அதே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள்.

இதை வைத்துப் படம் எடுத்தால் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு சின்ன ஆதாரம்தான் இருக்கிறது. ‘மாநாடு’ வந்த சமயம், நான் வேலை விஷயமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு லைனில் பையன்கள் ஒவ்வொரு சட்டத்தையும் முடித்துத் தள்ளும்போது “ரிப்பீட்டு” என்று கத்துவார்கள். எஸ்.ஜே. சூர்யா அந்தக் காலச்சுழலில் மாட்டிக்கொண்டு அலுத்துப்போய்ப் பேசும் காட்சி. சுழலுக்குக் கோயில் என்று படம் ஏதோ காரணம் சொல்கிறது, அவர்களுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. ஒரே நிமிஷம் திரும்பத் திரும்ப வருவதும், அதில் எரிச்சலாகிக் கத்தும் ஒரு மனுஷனும் அவர்களுக்குப் போதும். அவர்களுக்கு அது அறிவியல் புனைவே இல்லை. வெங்கட் பிரபுவுக்குத் தெரியாமலேயே அவர் ஒரு அசெம்பிளி லைன் படம் எடுத்திருந்தார்.

செய்யாறுக்காரர் சொல்லிக்கொடுத்த அந்த ரோபோவை மூன்று வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்தேன். அதே ஆலை, அதே மஞ்சள் வேலி. சைக்கிள் டைமைக் குறைக்க வேண்டும், எந்த நிலையத்தில் நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லச் சொன்னார்கள். அவரைப் பற்றி விசாரித்தேன். கான்ட்ராக்ட் முடிந்து போய்விட்டாராம், எங்கே என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. புது ஆட்களுக்கு அவர் பெயரே தெரியவில்லை.

வேலிக்கு வெளியே நின்று ரோபோவைப் பார்த்தேன். வெல்டிங் வைத்தது, நகர்ந்தது, பிறகு நடுவில் சட்டென்று மேலே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. அங்கே ஒன்றுமே இல்லை. ஜிக்கை எப்போதோ மாற்றியிருந்தார்கள், நீட்டிக்கொண்டிருந்த கிளாம்ப் போய்விட்டது. அவர் தூக்கிச் சுற்றிய அந்த வளைவு மட்டும் நினைவில் இருந்தது, ஒரு நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல், இல்லாத கிளாம்ப்பில் இடித்துவிடாமல். கிட்டத்தட்ட ஒரு விநாடி.

என் ரிப்போர்ட்டில் அதை மூன்றாவது வரியில் எழுதினேன். தேவையற்ற பாயின்ட், நீக்கலாம். அடுத்த நாள் மத்தியானம் நீக்கிவிட்டார்கள்.